சர்க்கரை நோயாளி கேட்டால் எந்தப் பாட்டிலைக் கொடுப்பது?



ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று நம் பகுதியில் எந்த மளிகைக் கடையில் நின்றாலும் இப்போது ஒரு கேள்வி காதில் விழுகிறது: "சர்க்கரை இல்லாத ஜாம் இருக்கிறதா? சாஸ் இருக்கிறதா?" முன்பெல்லாம் இப்படிக் கேட்பவர் அரிது. இன்று வாடிக்கையாளர் குடும்பங்களில் சர்க்கரை நோய் இல்லாத குடும்பத்தைத் தேட வேண்டியிருக்கிறது. அந்தக் கேள்விக்கு நாம் என்ன பதில் சொல்கிறோம், எந்தப் பாட்டிலை எடுத்துக் கொடுக்கிறோம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் எங்கள் கடையில் நடந்த தவற்றையே சொல்லிவிடுகிறோம். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் வாடிக்கையாளர். காலையில் ரொட்டியும் ஜாமும் சாப்பிட்டுப் பழகியவர். சர்க்கரை நோய் என்று தெரிந்ததும், "ஜாமை விடச் சொல்லிவிட்டார்கள், வேறு என்ன தடவலாம்?" என்று கேட்டார். "தேன் தடவுங்கள் ஐயா, அது ஒன்றும் செய்யாது" என்று எடுத்துக் கொடுத்தோம். மாதக்கணக்கில் வாங்கினார். ஒருநாள் ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு வந்து நின்றார். "தேனும் சர்க்கரைதானே, யார் சாப்பிடச் சொன்னது என்று டாக்டர் கேட்டார். கடைக்காரர் சொன்னார் என்று சொல்லிவிட்டேன் தம்பி" என்றார். அவர் கோபப்படவில்லை. அதுதான் எங்களை அதிகமாக உறுத்தியது. அன்றிலிருந்துதான் பாட்டில்களைத் திருப்பிப் பார்த்துப் படிக்கத் தொடங்கினோம். படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

நம் பகுதிக்கு உள்ள பெருமை

சர்க்கரை நோய் மருத்துவத்தில் வட சென்னைக்குத் தனி இடம் உண்டு. பேராசிரியர் எம். விசுவநாதன் 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். 1954இல் ராயபுரத்திலேயே நீரிழிவு மருத்துவமனையை நிறுவினார். அன்று முதல் வெளியூர்களிலிருந்தும் நோயாளிகள் ராயபுரத்தைத் தேடி வருகிறார்கள். அவர்களும் அவர்களுடைய உறவினர்களும் நம் கடைகளில்தான் ரொட்டியும் பிஸ்கட்டும் வாங்குகிறார்கள்.

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. நாட்டின் சராசரி 11.4 விழுக்காடு, தமிழ்நாட்டிலோ 14.4 விழுக்காடு. அதாவது கடைக்கு வரும் பெரியவர்களில் ஏழு பேருக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். அதே ஆய்வுத் தொடரில் 2025இல் வெளியான மற்றொரு கட்டுரை, நம் மக்கள் உண்ணும் கலோரியில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று காட்டியது. மாவுச்சத்து குறைந்த சரக்கு வேண்டும் என்று இப்போது பலரும் கேட்பதன் காரணம் இதுதான்.

பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது?

ஜாம்: உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி ஜாமில் 100 கிராமுக்கு 65 கிராமுக்குக் குறையாமல் கரையும் திடப்பொருள் இருக்க வேண்டும். அதில் பெரும்பகுதி சர்க்கரையே. ஒரு பெரிய கரண்டி, அதாவது 20 கிராம் ஜாம் தடவினால் ஏறக்குறைய 13 கிராம் சர்க்கரை உள்ளே போகிறது. டீஸ்பூன் கணக்கில் இது மூன்று. டீயில் ஒரு ஸ்பூன் சர்க்கரையை நிறுத்திவிட்டு, ரொட்டியில் மூன்று ஸ்பூன் தடவிச் சாப்பிடுபவர்கள் நம்மிடையே நிறையப் பேர்.

தக்காளி கெச்சப்: புளிப்பும் உப்பும் சர்க்கரையை மறைத்துவிடுகின்றன. 100 கிராமில் 25 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருப்பது சாதாரணம். ஒரு கரண்டியில் 4 கிராம். ஒரு தட்டு பஜ்ஜிக்கு யாரும் ஒரு கரண்டியோடு நிறுத்துவதில்லை.

இனிப்பு சாலட் டிரெஸ்ஸிங்: வெள்ளரியும் முட்டைக்கோஸும் உடம்புக்கு நல்லது என்று வெட்டி வைத்துக்கொண்டு, அதன்மேல் ஹனி மஸ்டர்ட், தௌசண்ட் ஐலண்ட் போன்றவற்றை ஊற்றுகிறார்கள். காயில் இல்லாத சர்க்கரை பாட்டிலிலிருந்து வந்துவிடுகிறது.

சாண்ட்விச் ஸ்பிரெட், முட்டை சேராத மயோனைஸ்: எண்ணெய்தான் முதல் பொருள் என்றாலும், நம் நாட்டு ருசிக்காகச் சர்க்கரையும் ஸ்டார்ச்சும் சேர்க்கிறார்கள். கம்பெனிக்குக் கம்பெனி அளவு வேறுபடும். லேபிளைப் பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது.

தேன், வெல்லம், நாட்டுச்சரக்கரை, கருப்பட்டி: தேனில் 100க்கு 80 பங்கு சர்க்கரை. வெல்லத்திலும் கருப்பட்டியிலும் சிறிது தாது உப்பு இருக்கலாம்; ஆனால் பெரும்பகுதி சர்க்கரையே. "கருப்பட்டி சர்க்கரை நோய்க்கு நல்லது" என்று நம்மில் பலர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறோம். அது தவறு. இனி அப்படிச் சொல்ல வேண்டாம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இரண்டு துண்டு ரொட்டியிலேயே ஏறக்குறைய 25 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. தடவும் பொருளை மட்டும் மாற்றிவிட்டு நான்கு துண்டு ரொட்டி சாப்பிட்டால் பயன் குறைவுதான்.

முன்பக்கத்தை விட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள்

பாட்டிலின் முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம்தான் கணக்கு. ஊட்டச்சத்து அட்டவணையில் 100 கிராமுக்கு எவ்வளவு என்ற பத்தியில் மூன்று வரிகளைப் பாருங்கள். முதல் வரி கார்போஹைட்ரேட், அதாவது மொத்த மாவுச்சத்து. இரண்டாவது டோட்டல் சுகர்ஸ், அதாவது மொத்தச் சர்க்கரை. மூன்றாவது ஆடட் சுகர்ஸ், அதாவது தனியாகச் சேர்த்த சர்க்கரை.

இப்போது முன்பக்கத்தில் இருக்கும் சொற்களுக்கு வருவோம். 2018இல் வந்த விளம்பரம் மற்றும் உரிமைகோரல் விதிகளின்படி, "சுகர் ஃப்ரீ" என்று போட வேண்டுமானால் 100 கிராமில் சர்க்கரை 0.5 கிராமைத் தாண்டக் கூடாது. "லோ சுகர்" என்றால் திடப்பொருளில் 100 கிராமுக்கு 5 கிராம், திரவத்தில் 100 மில்லிக்கு 2.5 கிராம்தான் உச்ச அளவு. "நோ ஆடட் சுகர்" என்பது வேறு சங்கதி. சர்க்கரை தனியாகச் சேர்க்கவில்லை என்றுதான் அதற்குப் பொருள். பழத்தின் சொந்தச் சர்க்கரை அப்படியே இருக்கும். பேரீச்சையை அரைத்துச் செய்த ஸ்பிரெட்டில் சர்க்கரை சேர்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அது இனிப்புக் கட்டிதான்.

"சுகர் ஃப்ரீ" என்று இருந்தாலும் மாவுச்சத்து இல்லை என்று ஆகிவிடாது. சில ஜாம்களில் சர்க்கரைக்குப் பதில் மால்டிட்டால், சார்பிட்டால் போன்ற பொருள்களைச் சேர்க்கிறார்கள். இவை சர்க்கரை அளவுக்கு ரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில்லை; ஆனால் அறவே ஏற்றாது என்றும் சொல்ல முடியாது. அதிகம் சாப்பிட்டால் வயிற்றுப்போக்கும் வரலாம். அதற்கான எச்சரிக்கை லேபிளிலேயே இருக்கும். பொருள் பட்டியலில் மால்ட்டோடெக்ஸ்ட்ரின், குளூக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், இன்வர்ட் சிரப் என்ற பெயர்களைக் கண்டால் அவையும் ரத்தச் சர்க்கரையை ஏற்றுபவைதான்.

இனிப்பூட்டிகளைப் பெயருக்குப் பதில் எண்ணாகவும் அச்சிடுகிறார்கள். 950 என்றால் அசிசல்ஃபேம், 951 அஸ்பார்டேம், 954 சாக்கரின், 955 சுக்ரலோஸ், 960 ஸ்டீவியா, 965 மால்டிட்டால், 420 சார்பிட்டால். இந்த எண்களை ஒரு அட்டையில் எழுதிக் கல்லாப்பெட்டி அருகே ஒட்டி வையுங்கள். வாடிக்கையாளர் கேட்டால் உடனே சொல்லலாம். உடல் எடையைக் குறைப்பதற்காக இத்தகைய இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவுறுத்தியது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறது. ஆகவே அவர்களுக்கு எது சரி என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

மயோனைஸ் பற்றி ஒரு எச்சரிக்கை

பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தயாரிக்கவும் சேமிக்கவும் விற்கவும் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. சால்மோனெல்லா உள்ளிட்ட கிருமிகள் பரவும் ஆபத்துதான் காரணம். முட்டை சேராத கம்பெனிப் பாக்கெட்டுகள் அந்தத் தடையில் அடங்கவில்லை. தடைக் காலக் கணக்கு எப்படியிருந்தாலும், பக்கத்துச் சிற்றுண்டிக் கடையில் கலக்கிய மயோனைஸை டப்பாவில் அடைத்து நம் கடையில் வைத்து விற்பது எந்த நாளிலும் நல்லதல்ல. நம் பகுதி வெயிலுக்கு அது சில மணி நேரம்கூடத் தாங்காது.

மாற்றுச் சரக்கு நம் கடையிலேயே இருக்கிறது

விலை உயர்ந்த பாட்டில்களைத் தேடிப் போகும் முன், நம் அலமாரியிலேயே இருப்பவற்றைப் பார்ப்போம்.

வேர்க்கடலை: ஜாமுக்கு இதுவே முதல் மாற்று. வறுத்துத் தோல் நீக்கி, உப்பு மட்டும் சேர்த்து மிக்சியில் விடாமல் அரைத்தால் அதன் எண்ணெயே வெளிவந்து வெண்ணெய் பதத்துக்கு வந்துவிடும். 100 கிராமில் மாவுச்சத்து ஏறக்குறைய 20 கிராம். அதிலும் ஒரு பகுதி நார்ச்சத்து. புரதம் 25 கிராம். ஆனால் கொழுப்பு 50 கிராம். கலோரி ஏறக்குறைய 590. சர்க்கரை குறைவு என்பதற்காகக் கலோரியும் குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு கரண்டி போதும். பாட்டிலில் வரும் பீநட் பட்டர்களில் சர்க்கரை சேர்த்ததும் உண்டு, சேர்க்காததும் உண்டு. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பொருள் பட்டியலில் வேர்க்கடலையும் உப்பும் மட்டும் உள்ளதை எடுத்துக் கொடுங்கள்.

தயிர்: கெட்டித் தயிரை மெல்லிய துணியில் கட்டி நான்கு மணி நேரம் தொங்கவிட்டால் நீர் வடிந்துவிடும். அதில் உப்பு, மிளகுத்தூள், ஒரு பல் பூண்டு, பொடியாக நறுக்கிய கொத்தமல்லி சேர்த்தால் மயோனைஸ் இருக்க வேண்டிய இடத்தில் வைக்கலாம். ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும்.

நல்லெண்ணெயும் எலுமிச்சையும்: மூன்று பங்கு நல்லெண்ணெய், ஒரு பங்கு எலுமிச்சைச் சாறு, சிறிது கடுகுத்தூள், மிளகு, உப்பு. ஒரு பாட்டிலில் ஊற்றிக் குலுக்கினால் சாலட் டிரெஸ்ஸிங் தயார். மாவுச்சத்து இல்லை என்றே சொல்லலாம். பர்மாவிலிருந்து வந்த நம் மக்கள் வட சென்னைக்குக் கொண்டுவந்த அத்தோவில் பச்சை முட்டைக்கோஸைப் பூண்டெண்ணெயும் புளிப்பும் சேர்த்துக் கையால் பிசைவதைப் பார்த்திருக்கிறோம். நூடுல்ஸை விட்டுவிட்டு அந்த முட்டைக்கோஸையும் வெங்காயத்தையும் மட்டும் அதே முறையில் பிசைந்தால் அருமையான சாலட். இனிப்பு டிரெஸ்ஸிங்கின் தேவையே வராது.

புதினா, கொத்தமல்லி, தேங்காய்ச் சட்னி: ரொட்டிக்குத் தடவ நல்லது. கெட்டிப்படப் பொட்டுக்கடலையை அள்ளிப் போட்டால் மாவுச்சத்து ஏறிவிடும். அதற்குப் பதில் தேங்காயோ வேர்க்கடலையோ சேர்க்கச் சொல்லுங்கள்.

தக்காளித் தொக்கு: வெல்லம் சேர்க்காமல் சுண்ட வதக்கினால் கெச்சப்புக்கு மாற்று. ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் உப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஊறுகாய்க்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

எள்: வறுத்து அரைத்து நல்லெண்ணெய் விட்டால் ரொட்டிக்கும் தோசைக்கும் தொட்டுக்கொள்ளலாம். எள்ளில் உள்ள மாவுச்சத்தில் பாதியளவு நார்ச்சத்துதான்.

இந்தச் சரக்குகள் ஒவ்வொன்றிலும் நமக்கு விற்பனை உண்டு. ஒரு ஜாம் பாட்டில் விற்காமல் போனாலும், வேர்க்கடலை, எள், நல்லெண்ணெய், எலுமிச்சை, கடுகு என்று பில் நீளும்.

கொள்முதலிலும் இருப்பிலும் கவனம்

ஜாமில் சர்க்கரை இனிப்புக்காக மட்டும் இல்லை. கெடாமல் காப்பதும் அதுதான். சர்க்கரையைக் குறைத்த பாட்டில் திறந்தபின் சீக்கிரம் கெடும். ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், எத்தனை நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்று லேபிளில் போட்டிருப்பதை வாடிக்கையாளருக்கு வாயால் சொல்லியே கொடுங்கள்.

இவை மெதுவாக நகரும் சரக்குகள். விற்பனைப் பிரதிநிதி பெட்டிக்கு ஒரு பாட்டில் இலவசம் என்று சொன்னாலும் பெட்டியாக எடுக்காதீர்கள். மூன்று நான்கு பாட்டில் எடுத்து, நகரும் வேகத்தைப் பார்த்து அடுத்த ஆர்டர் கொடுங்கள். காலாவதியான சரக்கைத் திரும்ப எடுப்பார்களா என்பதை முதல் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். முதலில் காலாவதியாகும் பாட்டில் முன்வரிசையில் இருக்கட்டும்.

வேர்க்கடலைக்கும் எள்ளுக்கும் நம் கடற்காற்று எதிரி. ஈரம் ஏறினால் பூஞ்சை பிடிக்கும். அஃப்ளடாக்சின் என்ற நச்சு உண்டாகும். அது ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முழுதாகப் போகாது. சாக்கைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். சுருங்கியதும் நிறம் மாறியதும் பொறுக்கி எறிய வேண்டியவை. அரைக்கக் கொடுக்க வேண்டியவை அல்ல. நீங்களே அரைத்துப் பாக்கெட் போட்டு விற்பதானால், உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், பொருள் பட்டியல், எடை, தயாரித்த நாள், காலாவதி நாள் எல்லாம் லேபிளில் இருக்க வேண்டும். வேர்க்கடலை சிலருக்கு ஒவ்வாமை உண்டாக்கும். ஆகவே அதன் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும்.

வரி பற்றியும் ஒரு சொல். ஜாம், சாஸ், மயோனைஸ், சாலட் டிரெஸ்ஸிங் ஆகியவற்றின் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. பில்லிங் மெஷினில் பழைய விகிதம் நிற்கிறதா என்று சரிபாருங்கள்.

சொல்லக்கூடாதவை

"இதைச் சாப்பிட்டால் சர்க்கரை குறையும்" என்று கடையில் போர்டு எழுதி வைக்காதீர்கள். சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருத்துவ விளம்பரச் சட்டம் தடுக்கிறது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலும், தவறான லேபிள் உள்ள சரக்குக்கு 3 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்கலாம்.

அபராதத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர், டாக்டரைக் கேட்காமல் மாவுச்சத்தைத் திடீரென்று வெட்டினால் ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், பேச்சு குழறும். அப்படி ஒருவர் கடை வாசலில் நின்றால், நினைவோடு இருக்கும்போதே சர்க்கரையோ குளூக்கோஸோ கரைத்துக் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள். ராயபுரத்தில் மருத்துவமனை கண்ட பேராசிரியர் விசுவநாதன், மாவுச்சத்தோடு நார்ச்சத்தும் மிகுந்த உணவு முறையை நோயாளிகளுக்குப் பரிந்துரைத்தவர். இன்று மாவுச்சத்தைக் குறைக்கச் சொல்லும் டாக்டர்களும் இருக்கிறார்கள். யாருக்கு எந்த அளவு என்பது அவரவர் உடம்பையும் மருந்தையும் பொறுத்தது. அதை முடிவு செய்யும் இடம் கடைக் கவுண்ட்டர் அல்ல.

நாம் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: "இதில் 100 கிராமுக்கு இவ்வளவு மாவுச்சத்து, இவ்வளவு சர்க்கரை. இது சர்க்கரை சேர்த்தது, இது சேர்க்காதது. உங்கள் டாக்டரிடம் காட்டிக் கேட்டு வாருங்கள்." லேபிளைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னால் இன்னும் நல்லது.

எங்கள் பெரியவர் இப்போதும் வருகிறார். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, இரண்டு துண்டு ரொட்டிக்கு வேர்க்கடலை அரைத்துத் தடவிக்கொள்கிறார். மாதம் ஒரு கிலோ வேர்க்கடலை வாங்குகிறார். நிறுத்துக் கொடுக்கும்போது, "இதிலே ஒன்றும் கலக்கவில்லையே தம்பி?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார். கேட்க அவருக்கு உரிமை உண்டு. "இல்லை ஐயா" என்று நாமும் ஒவ்வொரு முறையும் பதில் சொல்கிறோம்.

வணிகப் பெருமக்கள் இன்றே தங்கள் கடையிலுள்ள ஜாம், சாஸ், ஸ்பிரெட் பாட்டில்களில் வகைக்கு ஒன்றை எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் படித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். கடையில் வேலை பார்க்கும் பையன்களுக்கும் படித்துக் காட்டுங்கள். நாம் கடையில் இல்லாத நேரத்தில் பதில் சொல்லப்போவது அவர்கள்தான்.